இரண்டு படி கீழே

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்தார், எழுந்தார், கிதாரைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பதினெட்டு வருஷம் கழித்து அவர்களுடைய ராக் குழு இன்று மாலை மேடை ஏறுகிறது. வாசலில் இப்போதே வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"போதும், தேஞ்சிடப் போகுது" என்றாள் மனைவி. அவள்தான் டிரம்ஸ். அவளுக்கென்ன, டிரம்ஸுக்குச் சுருதிக் கவலை கிடையாது. இவருக்கோ அந்தக் கவலைதான்.

காரணம் பாடகன், அவளுடைய தம்பி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆயிரம் பேர் எதிரில், மைக்கிலேயே, "மச்சான், சுருதி சேரல" என்று இவர் சொல்லித் தொலைத்தார். வாய் தவறி வந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டார். வாய்க்கொழுப்பு, வேறென்ன? அன்று இறங்கிப் போனவன்தான், குழு கலைந்தது. வீட்டுக்கு வந்தால் அக்காவோடு மணிக்கணக்காகப் பேசுவான். இவர் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பான்.

அக்கா கெஞ்சியதால்தான் மறுபடி பாட வந்திருந்தான். அதனால் இந்த முறை இவர் உஷாராக இருந்தார். முதல் ஒத்திகைக்கு முன்பே, பாஸ் கிதார் வாசிக்கும் பல் டாக்டரைத் தனியே கூப்பிட்டுப் பேசி, இருவருமாகக் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இரண்டு படி இறக்கிவிட்டார்கள். ஐம்பது தாண்டிய தொண்டை பழைய உச்சத்தைத் தொடாது. அதை அவனிடம் யார் சொல்வது? வாத்தியம் எதுவும் தெரியாதவன், கண்டுபிடிக்கவில்லை. ஆறு வாரமும் உச்சத்தில் போய் நின்றுவிட்டு, "பாத்தியாக்கா? குரல் அப்படியே இருக்கு!" என்று குதித்தான். அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. இவரும் பல் டாக்டரும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

குட்டை உடைத்தது ஒலியமைப்புப் பெண். ஒலிபெருக்கிகளைச் சோதிக்க அவர்களுடைய பழைய ரெக்கார்டையே போட்டாள். மச்சினன் உற்சாகமாக மேடையேறி, இளமைக் குரலோடு சேர்ந்து பாடினான். உச்சம் வந்தது. குரல் கிழிந்தது. மறுபடி போடச் சொன்னான். மறுபடியும் கிழிந்தது.

"நேத்துகூட வந்துச்சே?" என்றான். பிறகு மெதுவாகக் கிதாரைப் பார்த்தான். "எத்தனை படி?"

"ரெண்டு" என்றார் பல் டாக்டர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"ஏத்துங்க. பழைய இடத்துல வாசிங்க."

மனைவி இவரை ஒரு பார்வை பார்த்தாள். முறுக்காணிகளை முறுக்கிச் சுருதியை ஏற்றினார்கள். வாசித்தார்கள். உச்சத்தில் அவன் குரலோடு சேர்ந்து இவரும் ஒரு கம்பியை விரலால் மேலே தள்ள வேண்டும், சுரம் அழுதுகொண்டே ஏறும். அவன் குரல் உடைந்த அதே நொடியில் இவர் விரலும் பாதியில் நின்றது. இறுகிய கம்பி அதற்கு மேல் இம்மிகூட நகரவில்லை. குரல் உடைந்த சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"வேற ஆளப் பாத்துக்கங்க" என்று மச்சினன் கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி முழுக்க அவன் தொண்டையின் மேல் விழும். ஆறு வாரமாக அப்படித்தான் இவர் தன்னையே ஏமாற்றி வந்திருந்தார். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. மைக்கைப் பிடித்தார்.

"மச்சான், நில்லு. என் விரல் ஏறல. வீட்டுல தனியா வாசிச்சுப் பாத்தப்பவே ஏறல. லிஃப்ட் கேபிள் இழுத்து இழுத்து மரத்துப் போச்சு. உன் தொண்டையச் சாக்கு வச்சு எனக்காகத்தான் இறக்கினேன்."

அவன் கடைசிப் படியில் நின்றான். அக்கா குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். திரும்பி ஏறி வந்தவன் இவருடைய இடது கையைப் பிடித்து விரல்நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான்.

"இறக்குங்க மாமா" என்றான் தணிந்த குரலில். "ஆனா மூணு படி. ரெண்டுலயே எனக்கு மூச்சு முட்டிச்சு. வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு."