பிஷப்பின் தாய்வழி

சண்முகராசா அண்ணை என்னைக் கேட்டாரா, நானாகவே எழுதித் தருகிறேன் என்று சொன்னேனா, இப்போது நிச்சயமில்லை. இந்த ஆறு வருடங்களில் இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர்தான் கேட்டார் என்று நினைக்கும் நாட்களில் சாப்பாடு இறங்குகிறது.

இடம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் சப்பாத்து வைக்கும் தட்டுக்கு முன்னால் நின்றோம். தன் மகள் றூபினிக்குக் கலியாணம் என்றார். மாப்பிள்ளை அவளோடு வேலை செய்யும் எட்மண்ட் கார்வில் என்ற ஆங்கிலேயப் பையன்.

"வெள்ளை எண்டாலும் லேசுப்பட்ட ஆக்களில்லை, அம்பலவாணன். ஆயிரம் வருசத்துப் பரம்பரை. மூலபுருசன் நோர்மன் பிரபு. அதோட பிஷப்."

"பிஷப்புக்கு என்னெண்டு அண்ணை பரம்பரை?"

"அந்தக் காலத்தில அதெல்லாம் இருந்ததாம். விசர்க் கேள்வி கேளாதையும்."

எங்கள் சனம் கலியாணம் என்றால் முதலில் கேட்பது 'என்ன ஆக்கள்?' என்பதுதான், அதாவது என்ன சாதி என்று. வெள்ளைக்கார மாப்பிள்ளைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருப்பதில்லை, கேட்பவர்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அண்ணைக்கு இப்போது பதில் கிடைத்திருந்தது. அழைப்பிதழோடு மாப்பிள்ளை வம்சத்தைப் பற்றித் தமிழில் ஒரு தனித்தாள் அச்சடிக்க வேண்டும், அதற்கு முன்பு சொந்தக்காரரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்றார்.

"உமக்குத்தான் பழைய புத்தகம் வாசிக்க ஏலும். பெனிபிட்டில இருக்கிற மனுசன், நேரமும் கிடக்கு."

நான் ஹீத்ரோ விமான நிலையத்தில் இருபத்தாறு வருடங்கள் பெட்டி ஏற்றியவன். முதுகு போனபிறகு அரசாங்கம் தரும் உதவிப் பணமும் வாசிப்பும் மட்டும் மிஞ்சின. செயின்ட் பங்ராஸில் இருக்கும் பெரிய நூலகத்துக்கு மூன்று கிழமை போனேன்.

பிஷப்பின் பெயர் றெனோ. தகப்பன் ஒரு நோர்மன் பிரபு. பத்தொன்பது வயதில் பிஷப் பதவி. நோர்மன்கள் இங்கிலாந்தை வென்றபிறகு இங்கே காணி. ஊரறிந்த ஒரு மகன், அவன் வழியில்தான் கார்வில் குடும்பம். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. எழுதி முடித்து மடித்தும் வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு துறவியின் குறிப்பு அகப்பட்டது. அந்தத் துறவியின் மடத்துக்குச் சொந்தமான ஆலையை றெனோ பறித்திருக்கிறார். அதனால் அவர் பிஷப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக விஷம் கக்கியிருந்தார். நடுவில் ஒரு வரி: றெனோவின் தாய் பிரபுவின் மனைவியல்ல, ஆற்றங்கரையில் துணி வெளுப்பவன் ஒருவனின் மகள்.

புத்தகத்தை மூடாமல் வெகுநேரம் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் இரண்டு முறை என்னைப் பார்த்தார். அந்தத் துறவியை எனக்கு உடனே பிடித்துக்கொண்டது.

ஏனென்று சொல்கிறேன். 1989இல் ஹவுன்ஸ்லோவில் நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் அறை எடுத்திருந்தோம். சண்முகராசா அண்ணையின் தங்கை கலாவதி என்னைக் கலியாணம் செய்யச் சம்மதித்திருந்தாள். அண்ணை மறுப்புச் சொல்லவில்லை. விசாரிக்கச் சொல்லி ஊருக்குக் கடிதம் போட்டார், அவ்வளவுதான். யுத்த காலம், பதில் வர ஆறு கிழமை ஆனது. அன்று அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"உம்மட அம்மாவின்ர தகப்பன் உடுப்பு வெளுத்தவராம். உண்மையோ?"

"ஓம்."

"அப்ப கதைக்க ஒண்டுமில்லை. தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது."

குடித்தேன். நான்கு மாதத்தில் கலாவதி டொரொண்டோவுக்கு மணப்பெண்ணாகப் போனாள். அதன்பிறகு முப்பது வருடங்கள் அண்ணையும் நானும் கோயிலில் கண்டால் மழையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் கதைத்தோம். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கோபத்தைக் காட்டவில்லை. அது போய்விட்டது என்று நானே நம்பியிருந்தேன்.

அன்றிரவு வீட்டில் இரண்டாவது தாள் ஒன்று எழுதினேன். எல்லாம் முதல் தாளில் இருந்ததுதான், ஒரு வரி மட்டும் கூட. அந்த வரியை எழுதியவர் பிஷப்பை வெறுத்தவர், பொய்யும் சொல்லியிருக்கலாம் என்பதை நான் எழுதவில்லை.

ஞாயிறு மத்தியானம். விம்பிள்டனில் அண்ணையின் வீட்டு ஹோல் முழுக்கச் சொந்தக்காரர். எட்மண்டும் அவனது தகப்பனும் சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்து வடை தின்றார்கள். கார்வில் துரைக்கு எழுபது இருக்கும், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. வம்சத்தை அவர் உடம்பில் தேடிப் பார்த்த சனத்துக்கு ஏமாற்றம்தான். றூபினி இருவருக்கும் நடுவில் இருந்தாள். நான் வாசிக்க வாசிக்க அவள் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு.

என் சட்டைப் பையில் இரண்டு தாள்களும் இருந்தன. எதை எடுப்பது என்று நான் உண்மையிலேயே முடிவெடுக்கவில்லை. இதை யாரும் நம்பவேண்டியதில்லை.

"வாசியும், அம்பலவாணன்," என்ற அண்ணை, சபையைப் பார்த்துச் சொன்னார்: "இவருக்குப் பரம்பரை எண்டால் சரியான விருப்பம். தனக்கு இல்லாததாலயோ தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பகிடிக்குத்தான் சொன்னார். நான் இரண்டாவது தாளை எடுத்தேன்.

பிரபு, பதவி, காணி என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். றூபினி தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தாள். அந்த வரி வந்தபோது அவள் குரல் நின்றது. எட்மண்ட் அவள் முழங்கையைத் தொட்டு என்னவென்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

அண்ணையின் மச்சாள் தர்மிகாதான் முதலில் வாய் திறந்தார்.

"வெளுக்கிற ஆக்களோ, அத்தான்? இதுக்கோ எங்களைக் கூப்பிட்டு இருத்தி வைச்சனீங்கள்?"

"அச்சடிச்சுக் குடுங்கோ, நல்லாயிருக்கும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கார்வில் துரைக்கு யாரோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஓ, அந்தப் பெண்ணா! எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவளைத்தான் பிடிக்கும். ஆனால் எழுதிய துறவி பெரிய புளுகன், ஆலை போன கோபம் அவனுக்கு," என்றார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. கொஞ்சநேரத்தில் அவரும் நிறுத்தி, கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

அண்ணை என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"வேணுமெண்டே செய்தனீர்."

"கேட்டனீங்கள், அண்ணை. விசாரிச்சுச் சொன்னனான்."

"எனக்கு இனிச் சபையில முகமில்லை. நான் இந்தக் கலியாணத்தில நிக்கமாட்டன்."

"ஆயிரம் வருசமாச்சு, அண்ணை."

"ஆயிரமெண்டால் என்ன? ஆக்கள் ஆக்கள்தான்."

"என்ர அம்மாவின்ர தகப்பன் செத்து அப்ப மூண்டு வருசம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்காக முப்பது வருடங்கள் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தத் திருப்தி ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்கூட நிற்கவில்லை.

நான் வெளியேறும்போது வாசலில் றூபினி நின்றாள். அவள் கலாவதியின் சாயல். ஆங்கிலத்தில்தான் கேட்டாள்: "மாமா, அத்தையின் கதை எனக்குத் தெரியும். நான் உங்கள் பக்கம்தான் இருந்தேன். என்னை ஏன்?"

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு டிராமுக்கு நடந்தேன்.

றூபினியும் எட்மண்டும் மூன்று மாதம் கழித்துப் பதிவுத் திருமணம் செய்தார்கள். சண்முகராசா அண்ணை போகவில்லை. கார்வில் துரை சாட்சிக் கையெழுத்துப் போட்டார், அடுத்த வருடம் இறந்துபோனார். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்து நான்கு வயதாகிறது. அண்ணை இன்னும் அவளைப் பார்க்கவில்லை. அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கலாவதி டொரொண்டோவில் இருக்கிறாள். இந்த விஷயம் கேள்விப்பட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள், என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் தோர்ண்டன் ஹீத்தில் தனியாக இருக்கிறேன். அந்த வரி இல்லாத முதல் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.