ஃபில் லைட்

அம்மா விளக்கு ஸ்டாண்டைத் தரதரவென்று இழுத்து வந்து அப்பாவின் தலைமாட்டில் நிறுத்தினாள். கட்டிலில் பிணம் கிடக்கிறது, இவளுக்கு வந்த வேலையைப் பார் என்று மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னம்மா பண்ற?"

"நாலு பேர் வர்ற நேரம். முகம் தெரிய வேண்டாமா?"

கூடத்து விளக்கை அணைத்துவிட்டு இதைப் போட்டாள். உச்சந்தலையிலிருந்து தாடைப் பக்கமாக வெளிச்சம் சாய்ந்தது. அப்பாவின் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். மூக்கின் நிழல் வாயை மூடிவிட்டது. தூங்குகிற மாதிரி இருந்த மனிதர் மண்டையோடாகக் கிடந்தார்.

காலமெல்லாம் நாடக மேடைக்கு விளக்கு போட்டவர். உச்சியிலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் ரதியே வந்தாலும் பேய்தான். எதிரே மெல்லிசாக ஒரு ஃபில் லைட் வைத்தால் நிழல் கரைந்து முகம் திரும்பி வரும். அவருடைய விளக்குகளைத் தூக்கித் திரிந்த மகளுக்கு அது தெரியும். அம்மாவுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். அந்த மேடையில் அவள்தான் கதாநாயகி.

ஒருமுறை பத்திரிகைக்காரன் ஒருவன் அவள் அழகைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினான். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுநாளிலிருந்து அவள் முகத்துக்கு ஃபில் லைட் கிடையாது. மனுஷன் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. கொஞ்ச காலத்தில் அவளுக்குத் தாய் வேஷம் வந்தது, பிறகு கிழவி வேஷம், பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் கெஞ்சிய போதெல்லாம் ஒரே பதில்தான்: "விளக்கு பொய் சொல்லாதுடி."

வந்தவர்கள் எட்டிப் பார்த்து, பார்த்த வேகத்தில் பின்வாங்கினார்கள்.

"ஐயையோ, என்ன இப்படி உருக்குலைஞ்சு போயிட்டாரு!"

நாடகக் குழுவின் மேக்கப்காரர் மட்டும் பிணத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், சுவரோரம் இருட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். போய் மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் பெற்ற அப்பன். நாளைக்கு எல்லார் மனசிலும் இந்த மூஞ்சியா நிற்க வேண்டும்? உள்ளே போய் அவருடைய சின்ன விளக்கை எடுத்து, வெளிச்சம் உறைக்காமல் இருக்க முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டி, கட்டிலருகே கொண்டுவந்தாள்.

"என்னடி அது?"

"அப்பாவுக்கு ஃபில்."

"வேண்டாம்."

"பாவம்மா. வர்றவங்க பயந்து ஓடுறாங்க. செத்தவர்கிட்டயா உன் கோபத்தைக் காட்டுவ?"

"விளக்கு பொய் சொல்லாதுடி" என்றாள் அம்மா. குரல்கூட அச்சு அசல் அவருடையது.

மகள் எரிகிற விளக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மேக்கப்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் அடுத்த கூட்டம் வரும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு நேரம் தூக்கிட்டு நிப்ப?" என்றாள் அம்மா. "இந்தப் பக்கம் திருப்பு."

மகள் திருப்பினாள். இருட்டிலிருந்து அம்மாவின் முகம் மெல்ல வெளியே வந்தது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம், போதும்."

நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, முகவாயைச் சற்றே உயர்த்திக்கொண்டாள்.