கொயினாத் தண்ணி

என் தங்கை வெள்ளையம்மா பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியபோது, என் பெண் குழந்தை காய்ச்சலில் போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. எனக்குப் பால் கட்டி, கையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பிள்ளையைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அவன் வாயை வைத்ததும் அழுதேன். எந்தப் பிள்ளைக்காக அழுதேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தங்கராஜு என்று பெயர் வைத்தவன் அவன் அப்பன் மணியம். மணியம் நல்லவன்தான். குடிக்க மாட்டான், வம்புக்குப் போக மாட்டான். ஆனால் பிள்ளையைத் தூக்கச் சொன்னால், விறகு வாங்க வந்தவன் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பான். அதனால் பிள்ளை எங்கள் வீட்டிலேயே, என்னிடமும் என் புருஷன் ஐயாசாமியிடமும் வளர்ந்தது.

கடல் தாண்டி வந்த சீமையில், செனாய்க்கு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போவேன். மத்தியானம் நான் திரும்பும்போது கொட்டகை வாசலில் உட்கார்ந்திருப்பான். என் விரல்களில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பாலை நூல் நூலாக உரிப்பான். ஒரு விரல் முடிந்தால் அடுத்த விரலைத் தானே இழுத்து வைத்துக்கொள்வான். பத்து விரலும் முடிந்த பிறகுதான் மடியில் ஏறிப் பால் குடிப்பான். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் இருந்தேன். ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவான். ‘பெரியம்மான்னு சொல்லிக் குடு’ என்று புத்தி சொல்ல வந்தவர்களை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன்.

அவனுக்கு ஒன்றரை வயதானபோது மணியம் தம்போய்ப் பக்கமிருந்து சந்திரமதியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளை வெறுப்பதற்கு நான் தயாராகவே இருந்தேன். அவளோ வந்த அன்றைக்கே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, அவன் உங்க புள்ள. நான் ஒருநாளும் உரிமை கேக்க மாட்டேன்” என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கெட்டவளாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

அடுத்த வருஷம் ரப்பர் விலை விழுந்தது. பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பத் துரை முடிவு செய்துவிட்டார். காலைப் பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கணக்கெழுதும் கிராணி பெயர் வாசித்தார். மணியம் பெயர் வந்தது. அவனோடு சந்திரமதி பெயரும், தங்கராஜு பெயரும். எங்கள் பெயர் வரவில்லை. பெயர் வராதவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள் என்று சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் மணியம் வந்து தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

“மதினி, வெள்ளையம்மா எனக்குன்னு விட்டுட்டுப் போனது இவன் ஒருத்தனத்தான். இவனையும் இங்க விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?”

எனக்குப் பதில் இருந்தது. இரண்டு வருஷப் பால் இருந்தது, தூங்காத ராத்திரிகள் இருந்தன. ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது நான் பார்த்தது என் தங்கையைப் புதைத்த அன்றைக்கு மட்டும்தான்.

அவன் போனதும் ஐயாசாமியிடம் கேட்டேன். “நாமளும் கூடப் போயிரலாமா?”

“போயி? அங்க நமக்குக் குடிசையா இருக்கு, நிலமா இருக்கு? அங்க போயிப் பட்டினி கெடக்கணுமா?” என்றார். தூங்குகிற பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டு, “என்னாலயும் இவன விட முடியலதான், பேச்சி” என்றார்.

கப்பலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பால் மறக்காத பிள்ளையைக் கப்பலில் ஏற்றினால் அத்தனை நாளும் என்னைக் கேட்டு அழுதே ஓய்ந்துபோகும். மறக்கடிக்க வேண்டியது என் வேலை. ஊராக இருந்தால் வேப்பிலையை அரைத்து மார்பில் தடவுவார்கள். இங்கே வேம்புக்கு எங்கே போவது? கோயில் முன்னால் நட்டிருந்த கன்று இன்னும் முழங்கால் உயரம்கூட வரவில்லை. ஆனால் வேம்பைவிடக் கசக்கிற கொயினாத் தண்ணி இருந்தது. மலைக்காய்ச்சலுக்காகத் தினமும் பெரட்டில் தோட்டத்து மருந்துக்காரர் டிரெசர் ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றுவார். அதை விழுங்காமல் வாயிலேயே அடக்கிக்கொண்டு வந்து சிரட்டையில் துப்பி வைத்தேன். மத்தியானம் அதைத் தடவிக்கொண்டேன்.

தங்கராஜு பத்து விரலையும் உரித்து முடித்துவிட்டு மடியில் ஏறினான். வாயை வைத்தான். எடுத்தான். அழவில்லை. என் முகத்தைப் பார்த்தான். இது நீதானா என்று கேட்கிற பார்வை அது. மறுபடி வைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அழுதான். நான்காம் நாள் அவன் என் மடிக்கே வரவில்லை. சந்திரமதி கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு அவள் வீட்டிலேயே அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டான். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. கப்பல் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. அந்த மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

டிரெசர் வந்து பார்த்துவிட்டுக் கொயினாவை ஒரு சீசாவில் ஊற்றிக் கொடுத்தார். “மூணு வேளையும் உள்ள போகணும். போகலேன்னா புள்ள தாங்காது” என்றார்.

சந்திரமதி கரண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவன் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டது. அவ்வளவுதான், பல்லைக் கிட்டித்துக்கொண்டான். அந்தக் கசப்பு அவனுக்குத் தெரியும். அதை அவனுக்குக் காட்டிக் கொடுத்தவள் நான். இரண்டு நாள் அவர்கள் கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள், கஞ்சியில் கலந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் துப்பினான். உடம்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

“மூக்கப் புடிச்சு ஊத்த வேண்டியதுதான?” என்று கேட்டேன்.

“எனக்குக் கை வரலக்கா. மூச்சு நின்னுருமோன்னு பயமா இருக்கு. லயத்துல வேற, மாத்தாந்தாய் புள்ளய அமுக்குறான்னு இப்பவே பேசுறாங்க” என்றாள்.

மணியத்தைப் பார்த்தேன். அவன் வாசலுக்கு எழுந்து போய்விட்டான்.

“நான் ஊத்துறேன்” என்றேன். “ஊத்தி முடிச்சதும் நீ வாங்கிக்க. வாயில சர்க்கரை வையி. நீதான் வைக்கணும். நான் வைக்க மாட்டேன்.”

“ஏன்கா?”

“ரெண்டு பேரும் சர்க்கரை குடுத்தா அவன் யாரோட போவான்?”

கால்களை என் தொடைக்கிடையில் இடுக்கி, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் ஊற்றினேன். விரலைக் கடித்தான். அடுத்த வேளைக்கு என் காலடி கேட்டதுமே அலறினான். ஆறு நாள், மூன்று வேளை. ஒவ்வொரு முறையும் அவனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வருவேன். என் வீட்டுக்கு இருபது எட்டுதான். அந்த இருபது எட்டுக்குள் அழுது முடித்துவிடுவேன்.

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு என்னைக் கண்டதும் சந்திரமதியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அம்மா” என்று அவள் பின்னால் ஒளிந்தான். அவளை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதாள். நான் கேட்டதுதான் எனக்குக் கிடைத்தது. ஆனால் பொறுக்க முடியவில்லை.

கப்பல் நாள் வந்ததும், அவர்களை ரயில் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகக் காலையில் மாட்டு வண்டிகள் வந்தன. கையில் ஒரு துண்டு கற்கண்டை வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போனேன். இனி அவன் என்னை நினைக்க வேண்டியதில்லை, ஆனால் கடைசியாக ஒரு இனிப்பாவது என் கையால் அவன் வாய்க்குப் போகட்டும் என்று ஆசைப்பட்டேன்.

“பெரியம்மா பாரு, மிட்டாய் வச்சிருக்காங்க. வாயத் தொற கண்ணு” என்றாள் சந்திரமதி.

அவன் என் கையைப் பார்த்தான். உதட்டை உள்ளே மடித்துப் பல்லைக் கிட்டித்துக்கொண்டான். தானாகவே ஒரு கையால் மூக்கையும் பொத்திக்கொண்டான்.

கற்கண்டை அவளிடம் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. அவள் ஊட்டியதும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். வளைவு திரும்பும் வரைக்கும் அவன் கன்னம் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அன்றைக்கும் வேலை இருந்தது. மத்தியானம் திரும்பி வந்து, ஆயாக் கொட்டகையைத் தாண்டி நடந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். விரலில் காய்ந்திருந்த பாலை நானே உரித்துப் போட்டேன்.