மீன்பெட்டி விமானம்

பழனிமுத்து அதுவரை ஏழு விமானம் கட்டியிருந்தார். ஒன்றுகூடப் பறந்ததில்லை. முதலாவதற்கு ஆசையாக எனாமல் பெயின்ட் பூசினார். பூசப் பூச அது உருகி, சாயங்காலத்துக்குள் நமத்துப்போன அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது கரைக்கு ஓடி ஓர் எருமையை முட்டியது. மற்ற ஐந்தும் தண்ணீரில் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன, எண்ணெய் தீர்ந்ததும் நின்றன. படகு கட்டுகிறேன் என்று தொடங்கியிருந்தால் மனுசன் அன்றைக்கே பெரிய ஆள்.

அவர் மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஃபிட்டர். கொதிகலன் முதல் துரை வீட்டுக் கடிகாரம் வரை எதைத் திறந்தாலும் மூடத் தெரிந்தவர். துரை சீமைக்கு மூட்டை கட்டியபோது, கைப்பெட்டி அளவில் ஒரு ரேடியோப் பெட்டியையும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எஞ்சினையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியில் ஒரு நீண்ட கம்பி, ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் விமானத்தின் வால் இடப்பக்கம் திரும்பும், இரண்டு தடவை அழுத்தினால் வலப்பக்கம். அவ்வளவுதான் அதன் வித்தை. மற்றதெல்லாம் கட்டியவனின் கெட்டித்தனமும் கடவுளின் இரக்கமும்.

மலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக்கூடச் சமதரை கிடையாது. ஆனால் தண்ணீர் எங்கே நின்றாலும் சமமாகத்தான் நிற்கும். ஆகவே தண்ணீரில் ஓடிக் கிளம்பும் விமானம் என்று முடிவு செய்தார். கலேவெலப் பக்கம் குளத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே மீன் கடை வைத்திருந்த ஹுசைன் நானா அவருக்குப் பழைய சிநேகிதர். திருகோணமலையிலிருந்து மீன் வரும், நுரை போல லேசான, பெயின்ட் பட்டால் உருகிவிடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் உடைந்தால் நானா எறியமாட்டார், பழனிமுத்துவுக்கு எடுத்து வைப்பார். அவற்றைச் சூடான கம்பியால் அறுத்து, சீமெந்துப் பையின் கடதாசியைக் கோதுமைமாப் பசையால் ஒட்டி, மேலே மெழுகு தேய்த்தால் உடம்பும் இறக்கையும் தயார். பசைக்கு மா போகிறதே என்று இரண்டு வீட்டிலும் சண்டை.

சண்டைக்கு மா மட்டும் காரணமில்லை. பழனிமுத்து பிறந்தது இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். வளர்ந்தது, கட்டிக்கொண்டது, காதோரம் நரைத்தது எல்லாம் அங்கேதான். ஆனால் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று, அவருடைய சனங்கள் எந்த நாட்டவரும் இல்லை என்று ஆகிவிட்டது. இலங்கைப் பிரசாவுரிமை கேட்டு எழுதிப் போட்டு நாலு வருசம். விசாரணைக்கு வந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். பொலிசில் பெயர் கெட்டிருக்கக் கூடாது என்றார். அதோடு, நீ இந்த நாட்டில்தான் இருக்கிறாய் என்பதற்கு அரசாங்க முத்திரையோடு ஏதாவது கடதாசி கொண்டுவா என்றார். பிறப்புச் சான்றைக் கறையான் தின்றிருந்தது. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவில், பெயர் இருந்தது. அது கம்பெனிக் கடதாசி, செல்லாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் இங்கேதான் இருக்கிறான் என்பதை உத்தியோகத்தர் கண்ணால் பார்த்தார். கண்ணை ஃபைலில் கோர்க்க முடியாதே.

அதனால் அவர் மனைவி கிருஷ்ணம்மா சட்டம் போட்டிருந்தாள்.

"கடதாசி வர்ற வரைக்கும் அந்தக் கம்பிப் பெட்டி லயத்துக்குள்ள வரக்கூடாது. காலம் கெட்டுக் கெடக்கு. ரேடியோன்னு சொன்னாலே ஆளப் புடிச்சிட்டுப் போறானுங்க."

அவள் சொன்னதில் பிழையில்லை. நாட்டில் ஆயுதக் கலகம் நடந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. பெட்டி ஹுசைன் நானாவின் கடையில், ஐஸ் கட்டிக்குப் பின்னால் குடிபுகுந்தது.

எட்டாவது விமானம் முடிந்த வாரம் யாரோ ஒரு புண்ணியவான் பொலிசுக்கு மொட்டைப் பெட்டிசம் போட்டான். மீன் கடையில் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறதாம். வியாழக்கிழமை ஸப் இன்ஸ்பெக்டர் ஏகநாயக்க வந்தார், பெட்டியைக் கண்டார். நானா அதைத் தன்னுடையது என்றார். பழனிமுத்துவின் பெயரைப் பற்றி மூச்சு விடவில்லை. விமானத்தையும் காட்டினார்.

ஏகநாயக்க சிங்களத்தில்தான் பேசுவார், நிதானமாகப் பேசுவார். "ஞாயிற்றுக்கிழமை குளத்தில் காட்டு. பறந்தால் விளையாட்டுச் சாமான். பறக்காவிட்டால் இது விமானமில்லை, அது ரேடியோ, நீ என்னோடு வருகிறாய்."

சட்டம் இவ்வளவு தெளிவாகப் பேசி நானா கேட்டதில்லை.

ஞாயிறு காலை குளக்கட்டில் ஊரே கூடியிருந்தது. பழனிமுத்து முதல் பஸ்ஸில் வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். வரும்போது கிருஷ்ணம்மா இரண்டே இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தாள். கையை நீட்டாதே, வாயைத் திறக்காதே. அவர் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

எஞ்சினைக் கிளப்புவதற்கே நானாவுக்கு விரலில் ரத்தம் வந்தது. கிளம்பியதும் விமானம் ஓடியது. நானா பதற்றத்தில் பொத்தானைத் தந்தி அடிப்பதுபோல் அடித்தார். விமானம் இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டு, தாமரைக் கொடியில் மூக்கை வைத்து நின்றது.

"இது வாத்து," என்றார் ஏகநாயக்க.

கூட்டம் சிரித்தது. ஒரு பொலிஸ்காரர் நீந்திப் போய் அதை இழுத்து வந்தார். இன்னொரு தடவை ஓடவிட்டார்கள். அதே கதை. மூன்றாவது தடவைக்கு எண்ணெய் ஊற்றும்போது பாதி தரையில் போனது. ஏகநாயக்க கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இதோடு சரி என்று அதற்கு அர்த்தம்.

பழனிமுத்துவுக்குப் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. ஒன்று, நானா பொத்தானைத் தொடவே கூடாது. மற்றது, குளம் அன்றைக்குக் கண்ணாடியாகக் கிடந்தது. அசையாத தண்ணீர் விமானத்தின் அடிவயிற்றை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், விடாது. முன்னே ஓடிய விமானங்கள் ஏறாத காரணம் ஒரு நொடியில் விளங்கியது. விளங்கி என்ன செய்ய? வாயைத் திறந்தால் யார் நீ என்று கேட்பார்கள். கேட்டால் பொலிஸ் புத்தகத்தில் பெயர் ஏறும். நாலு வருசம் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தது தண்ணீரில் போகும்.

நானா அவர் நின்ற பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் பொலிஸ் கண்ணும் கூடவே திரும்பும் என்று அந்த மனிதர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்கத்தான் பழனிமுத்துவால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. தன் பெட்டிக்காக இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போக, தான் கக்கத்தில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதா?

"சேர்," என்றபடி இறங்கிப் போனார். சிங்களம் அவருக்கு நன்றாக வரும். "தண்ணி கலங்கணும். அல இருந்தாத்தான் ஏறும். பொட்டி என் கையில வேணும்."

"பழனி, நீங்க போங்க. இது என்ட விசயம்," என்றார் நானா தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒங்க விசயமா இருந்தா வாத்து வாத்தாவேதான் இருக்கும் நானா. தள்ளுங்க."

ஏகநாயக்க கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் ஆட்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அரசாங்கச் சம்பளத்துக்குத் தண்ணீரை அடித்தார்கள். அலை பரவியது. பழனிமுத்து எஞ்சினை ஒரே தட்டில் கிளப்பி விட்டார்.

அது ஓடியது. வாலில் நுரை வந்தது. அலையில் ஒரு குதி குதித்தது, இன்னொரு குதி. மூன்றாவது குதியில் கீழே வரவில்லை.

கட்டு முழுக்கத் தலைகள் மேலே நிமிர்ந்தன. மீன்பெட்டி, சீமெந்துப் பை, இரண்டு வீட்டுக் கோதுமை மா, எல்லாம் சேர்ந்து மருத மரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. பழனிமுத்து ஒரு தடவை அழுத்தினார். அது இடப்பக்கம் சாய்ந்து, குளத்தைச் சுற்றி, சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பி வந்தது. ஐம்பது வயதில் இப்படி ஒன்று நடக்கும் என்று யார் நினைத்தது?

அப்போதுதான் பருந்துகள் வந்தன.

எட்டு விமானம் கட்டியும் ஒரு விஷயத்தை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நானா முப்பது வருசமாக மீனில் வாழ்கிறவர், அவர் மூக்குக்கு மீன்வாடை என்று ஒன்று கிடையாது. பழனிமுத்துவின் மூக்கு எஞ்சின் எண்ணெயில் எப்போதோ செத்துவிட்டது. ரெஜிபோமில் திருகோணமலைச் சூரையும் பாரையும் ஊறிக் கிடந்தது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் இருவரைத் தவிர. பருந்து மீனைத் தேடித் தண்ணீருக்கு வரும். மீனே மேலே வந்தால் விடுமா?

முதல் பருந்து வாலைக் கொத்தியது. இரண்டாவது இறக்கையில் காலைப் போட்டது. பழனிமுத்து இரண்டு தடவை அழுத்தினார், பருந்துக்கு அது புரியவில்லை. வெள்ளைத் துண்டுகள் பூப்போல உதிர்ந்தன. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு அது நடுக்குளம் வரை போய், தின்னத் தக்க பொருள் இல்லை என்று கண்டு கீழே போட்டது.

ஏகநாயக்க ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை எடுத்தார்.

"பறந்தது," என்றார். "விளையாட்டுச் சாமான். மீன்காரர் வீட்டுக்குப் போகலாம்."

நானா அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ஏகநாயக்க பழனிமுத்துவின் பக்கம் திரும்பினார். நிற்கிற நிற்பிலேயே அவருக்குக் கதை விளங்கியிருக்க வேண்டும். தோட்டத்து ஆள், கையெல்லாம் எண்ணெய்க் கறை, கண்ணில் மனுப்போட்ட களை. குரலைத் தாழ்த்தினார். "உன் பெயர் வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். ஒரு ஆள் ஓட்டிக் காட்டினான் என்று எழுதினால் போதும்."

நல்ல மனது. வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பான். பழனிமுத்துவும் கும்பிடத்தான் கையைத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றது.

"குத்தம் எதுவும் இல்லன்னு எழுதுவீங்களா சேர்?"

"எழுதுவேன்."

"அப்ப பேர எழுதுங்க."

ஏகநாயக்க பேனாவை நிறுத்தினார்.

"முழுப் பேரையும் எழுதுங்க சேர். தோட்டம், லயம், காம்பரா நம்பர் எல்லாம் சொல்றேன். நான் இங்க நின்னத நீங்க ஒங்க கண்ணால பாத்தீங்கள்ல? அதயும் எழுதுங்க. இலங்கையிலன்னு போடுங்க."

"குளம் வேறெங்கே இருக்கிறது?"

"இருந்தாலும் போடுங்க சேர். முத்திர வச்சு எனக்கு ஒரு கொப்பி வேணும்."

பதினெட்டு வருசச் சேவையில் பொலிஸ் புத்தகத்திலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி அழுதவர்களைத்தான் ஏகநாயக்க கண்டிருந்தார். போடச் சொல்லிக் கெஞ்சிய ஆளை அன்றுதான் கண்டார். பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லி, நிறுத்தி நிதானமாக எழுதினார்.

கொப்பி கைக்கு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. பழனிமுத்துவுக்குச் சிங்களம் பேசத்தான் வரும், படிக்க வராது. நானா கடைக்குள் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னார். பழனிமுத்து பஸ்ஸில் வீடு வரைக்கும் அதை மனப்பாடம் செய்தார்.

கிருஷ்ணம்மா வாசலிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

"பேரு விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சு."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடித்த கடதாசியை அவள் மடியில் விரித்து, முத்திரையைத் தொட்டுக் காட்டினார். பிறகு மனப்பாடத்தை ஒப்பித்தார். இன்ன தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, இலங்கையில், மாத்தளை மாவட்டத்தில், குளக்கரையில், மேற்படி பழனிமுத்து என்பவர் நிற்பதை நான் நேரில் கண்டேன். அவர்மீது குற்றம் எதுவும் இல்லை.

அவள் முத்திரையை விரலால் தடவினாள்.

"பறந்துச்சுன்னு எழுதலயா?"

"அது நானா கணக்குல எழுதியிருக்கு. எனக்கு நின்னேன்னுதான்."

லயத்தில் விளக்கு ஏற்றுகிற நேரம். பக்கத்துக் காம்பராவில் யாரோ விறகை முறித்தார்கள். கிருஷ்ணம்மா கடதாசியை மடிக்கப் போனாள், மடிக்காமல் மறுபடியும் விரித்தாள்.

"எங்க நின்னீங்கன்னு எழுதியிருக்கே, அத மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள்.

அவர் சொன்னார்.