படிவத்தின் பின்பக்கம்

1
இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் பயம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது, ஒன்றைத் தவிர: 'குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா?' அதனால் தாளைத் திருப்பிப்போட்டு இலக்கியம் செய்கிறேன்.

2
முதல் வரி: 'மூட்டை தூக்குகிற ஒருவர் இருந்தார்.' (நான்தான். நேரில் எனக்கு யாரும் 'இருந்தார்' போட்டதில்லை. கதையிலாவது அனுபவித்துக்கொள்கிறேன்.) எழுத்து கற்றது நாற்பத்தாறு வயதில். அதுவரை படிவத்தை வேறு யாராவது நிரப்ப, இவர் கைநாட்டு வைப்பார். பொய் இருந்தால் எழுதினவர் பாடு.

3
போன மாதம் பழைய பேப்பர் கிடங்கில் மூட்டை பிரிந்து ஒரு பழங்கால வைத்தியப் புத்தகம் விழுந்தது. கறுப்புப் பித்தம் கூடினால் மனம் இருளுமாம். மண்டையின் மேடுபள்ளம் குணத்தைச் சொல்லுமாம். பைத்தியம் பரம்பரையாக இறங்குமாம்: முதல் தலைமுறைக்குப் படபடப்பு, அடுத்ததுக்கு வலிப்பு, மூன்றாவதுக்குப் பித்து, நாலாவதோடு வம்சம் காலி.

மூட்டைக்காரர் தன் உச்சந்தலையைத் தடவினார். பெரிய மேடு. புத்தகப்படி அது பக்தி.

"பக்தியா? முப்பது வருஷம் மூட்டை வச்ச காய்ப்புடா அது!" என்றான் கூட்டாளி. "உங்கப்பன் குடுத்ததில்ல, முதலாளி குடுத்தது."

அவர் சிரித்தார். (சிரிக்கவில்லை. அப்பா கடைசி இரண்டு வருடம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். வெளியே 'முதுகுவலி' என்று சொல்லிவைத்தோம்.)

4
உள்ளே என் மகள், பிள்ளை பெற்ற இருபதாம் நாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மனைவி மடியில் நாலாவது தலைமுறை கொட்டாவி விடுகிறது. (இரண்டாவது நான். வலிப்பு வருமென்று காத்திருந்தேன். இடுப்புவலிதான் வந்தது.)

"மறைக்காம எழுதுங்கய்யா. அதை வச்சுத்தான் மருந்து," என்றார் டாக்டரம்மா. "பரம்பரைன்னா தலையெழுத்து இல்ல."

ஆனால் படிவத்தில் மருமகனும் கையெழுத்துப் போட வேண்டும். படிக்காமல் போடுகிற ஆள் இல்லை அவர்.

5
முடிவுகள்:
(அ) 'இல்லை.' குடும்பம் தப்பும், மருந்து தப்பாகும்.
(ஆ) 'உண்டு, என் அப்பாவுக்கு.' மருமகன் படித்துவிட்டு எழுந்து போ— (இதை முடிக்க மனம் வரவில்லை.)
(இ) "மாமா, எங்க சித்திக்கும் இருந்துச்சு. கொஞ்சம் எடம் விடுங்க," என்கிறார் மருமகன். (இது என் ஆசை. வெட்டிவிடுங்கள்.)

6
டீயோடு மருமகன் வருகிறார். "என்ன மாமா, ஒரு கட்டத்துக்கு இவ்வளவு நேரமா?"

இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது, அவ்வளவு காய்ப்பையும் தாண்டி: கொடுக்கவேண்டியது இதே தாளைத்தான். எழுத்து கற்றேனே தவிர, எதில் எழுதக் கூடாது என்று கற்கவில்லை.

மருமகன் கையை நீட்டிவிட்டார். எந்தப் பக்கத்தை மேலே வைத்துக் கொடுப்பது? நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம்.