இரண்டு கட்டை இறக்கம்

எங்கள் சபையில் ஏழு வருடமாக யாருக்கும் குரல் போகவில்லை. எழுபதைத் தாண்டியவர்கள்கூட மேல் சுரத்தை அலட்சியமாகத் தொட்டுவிட்டு உட்காருவார்கள். இதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லி மூப்பர் கூட்டத்தில் ஒரு தீர்மானமே நிறைவேறியிருக்கிறது. முன்மொழிந்தவர் கறிக்கடை மூப்பர், வழிமொழிந்தவர் என் மாமியார். கர்த்தருக்குப் போன அந்த நன்றியில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டும்.

நான் அந்தச் சபையில் ஆர்கன் வாசிப்பவள். வார நாட்களில் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறேன். கடைசி வரி தெரியாமல் விழிப்பவர்களிடம் “பரவாயில்லை, நல்லாவே படிச்சீங்க” என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. எங்கள் ஆர்கன் மின்சாரத்தில் ஓடுவது. அதன் இடது ஓரத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருகிவிட்டால் போதும், கை வழக்கம்போல வாசித்துக்கொண்டிருக்க, பாட்டின் சுருதி மட்டும் இறங்கிவிடும். ஒரு திருகுக்கு அரைக் கட்டை.

முதல் அரைக் கட்டையை என் மாமனார் இறந்த வருடம் இறக்கினேன். அவரை அடக்கம் செய்த மறுவாரம், பிரசங்கத்துக்குப் பிறகு என் மாமியார் தனியாகப் பாட எழுந்தார். மேல் சுரத்தில் குரல் உடைந்தது. வீட்டுக்கு வந்து கைப்பையை மேசையில் வைத்தார்.

“இனிமே நான் பாடலை” என்றார்.

எனக்கும் அவருக்கும் அதுவரை ஏழாம் பொருத்தம். நான் துணி மடிக்கும் விதம் அவருக்குப் பிடிக்காது. அதை அவர் என் கண்ணெதிரே பிரித்து மறுபடி மடிப்பது எனக்குப் பிடிக்காது. அந்த ஒரு மாதம் நான் மடித்த துணி மடித்தபடியே கிடந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூட யாரும் சொல்லவில்லை. சண்டை போடாத மாமியார் எனக்குப் பழக்கமில்லை. நானே போதகரிடம் போய், அவரை ஒரே ஒரு முறை பாடச் சொல்லும்படி கெஞ்சினேன். பிறகு குமிழைத் திருகிவைத்து, எண் தெரியும் சின்ன ஜன்னலின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன். அவர் பாடினார். குரல் உடையவில்லை. அன்று சாயங்காலம் என் கணவரின் சட்டைகளையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தார். நான் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் கீழே விழுந்த வருடம் ஓர் அரைக் கட்டை, மார்புச்சளி வந்த வருடம் ஓர் அரைக் கட்டை, சும்மா இருக்கட்டும் என்று ஓர் அரைக் கட்டை. மொத்தம் இரண்டு கட்டை. பாடகர் குழுவுக்குப் பின்னறையில் என் சொந்தக் கீபோர்டில்தான் பயிற்சி, அதையும் இறக்கித்தான் வைத்திருந்தேன். கஷ்டப்பட்டது ஒரே ஒருவர், கீழ்க்குரல் பாடும் கறிக்கடை மூப்பர். அவருக்கு பீரங்கி என்று பட்டப்பெயர். கடைசி இரண்டு வருடமாக அவரது குரல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. வாயை மட்டும் கம்பீரமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

சபையின் நூறாவது ஆண்டு ஆராதனைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஆர்கன் மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர், சொல்லாத வேலையையும் செய்வார். நான் கடையிலிருந்து ஓடிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

“சுருதிக் குமிழ் எக்கச்சக்கமா தள்ளிப் போயிருந்துச்சு மேடம். பூஜ்யத்துல வெச்சுட்டேன். இனி யார் கையும் படாது” என்றார்.

குமிழின் மேல் ஒரு உலோக மூடி. மூடியில் ஒரு பூட்டு.

“சாவி?”

“செயலர் அம்மாகிட்ட குடுத்துட்டேன்.”

செயலர் அம்மா என்றால் மூப்பர் கூட்டத்தின் செயலர், அதாவது என் மாமியார்.

பிரெஸ்பிட்டேரியன் சபையில் பிஷப் கிடையாது. அதற்குப் பதில் எங்களுக்குப் பதினோரு மூப்பர்கள். சுவரில் ஆணி அடிக்கவும் அவர்கள் கூடிப் பேசித் தீர்மானம் போட வேண்டும். ஆராதனையில் ஆர்கனைத் தவிர வேறு எதுவும் ஒலிக்கக் கூடாது என்று என் கணவர் பிறப்பதற்கு முன்பே ஒரு தீர்மானம் இருக்கிறது, அதனால் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. சபைச் சாவி எது வேண்டுமானாலும் காரணம் எழுதி மனு கொடுக்க வேண்டும். மனுவைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பது செயலர். என் மாமியாருக்குக் குரல் போய் ஏழு வருடமாகிறது என்ற மனுவை என் மாமியாரே எழுந்து நின்று படிக்க வேண்டும்.

பூட்டாத வழி ஒன்றுதான் இருந்தது. அவர் தனியாகப் பாடும் பாட்டை மட்டும் கையாலேயே இரண்டு கட்டை இறக்கி வாசிப்பது. தேர்ந்த கலைஞர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நானோ புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறவள். நான்கு நாள் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் ஆலயத்துக்கு ஓடி வாசித்துப் பழகினேன். சனிக்கிழமை நான்கு இடத்தில் மட்டும் தப்பு வந்தது. இந்தப் பெண்மணியிடம் முப்பது தடவையாவது திட்டு வாங்கியிருக்கிறேன், இருந்தும் அவர் மறுபடி வாயை மூடிக்கொள்வாரோ என்று நினைத்து, இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு எல்லோருக்குமானது, அதை என்னால் இறக்க முடியாது. மூன்றாவது வரியில், படி வழக்கத்தைவிட உயரமாக இருந்தால் கால் இடறுமே, அப்படி நூற்றிருபது பேரும் இடறினார்கள். போதகர் தண்ணீர் குடித்தார். மூப்பர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள், குளிர்காற்று என்று நினைத்திருப்பார்கள். பீரங்கி மட்டும் வெடித்தார். இரண்டு வருடம் அடைபட்டிருந்த குரல் முழுசாக வெளியே வந்துவிட்டது. மனிதருக்குக் கண் கலங்கியது.

என் மாமியார் பாடவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரசங்கம் முடிந்தது. அவர் எழுந்து முன்னால் வந்து நின்றார். நான் இறக்கிய சுருதியில் முன்னிசையைத் தொடங்கினேன். முதல் தப்பு வந்தது. கொஞ்சம் தள்ளி இரண்டாவதும் வந்தது. முன்னிசை முடிந்தது, அவர் பாடவில்லை. திரும்பி நடந்து ஆர்கன் பக்கம் வந்து, மூடியையும் பூட்டையும் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“புத்தகத்துல இருக்கிற மாதிரி வாசி” என்றார் மெதுவாக.

“அத்தை, ரொம்ப உயரம்.”

“எனக்குக் காது இருக்கு. வாசி.”

வாசித்தேன். மேல் சுரத்தில் குரல் உடைந்தது, ஏழு வருடத்துக்கு முன் உடைந்த அதே இடத்தில். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது சரணத்திலும் அங்கேயே உடைந்தது. மூன்றாவதிலும் உடைந்தது. ஒருவரும் இருமவில்லை. எங்கள் சபையில் கைதட்டும் பழக்கம் இல்லை, அதனால் யாரும் தட்டவுமில்லை. நான் தப்பில்லாமல் வாசித்தேன், எதிரே இருந்த புத்தகம்தான் தெரியவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்தது. என் கணவர் நிலைமை புரிந்து, ஒரு வேலையும் இல்லாத கடைத்தெருவுக்குப் போய்விட்டார். காய்ந்த துணி கட்டிலில் கிடந்தது. நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து மடித்தோம்.

“எத்தனை வருஷமா?”

“ஏழு, அத்தை.”

“எவ்வளவு?”

“ரெண்டு கட்டை.”

அவர் ஒரு சட்டையை உதறி மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர் போனாரே, எனக்கு ஒண்ணுமே ஆகலையேன்னு நினைச்சேன். நாப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவர். முதல் மாசம் அழுதேன், அப்புறம் குரல் பழையபடி வந்துடுச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கணீர்னு பாடிட்டு வந்து உக்காருவேன். சே, இவ்வளவுதானா நீ, கல்லான்னு என்னையே திட்டிக்குவேன்.”

ஏழு வருடமாக அவருக்கு நான் செய்துவந்த உதவி அது.

“மன்னிச்சிடுங்க அத்தை.”

“அழாதே. துணி இப்பதான் காய்ஞ்சிருக்கு.” சட்டையின் கையை உள்ளே மடக்கினார். “நாளைக்கு அந்தச் சாவிக்கு மனு எழுதிக் குடு. கூட்டத்துல படிக்கிறேன்.”

“காரணம் என்னன்னு எழுதட்டும்?”

“வயசாயிடுச்சுன்னு எழுது. எல்லாருக்கும்தான். அந்தக் கறிக்கடைக்காரர் எதிர்ப்பாரு, பரவாயில்லை.”

“ரெண்டு கட்டைன்னு போடவா?”

“ஒன்றரை போடு. மிச்சம் அரைக் கட்டை உடைஞ்சா உடையட்டும்.”

பிறகு நான் மடித்து வைத்த துண்டுகளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.