கராஜில் உதிர்ந்த கறிவேப்பிலை

1.
இந்தக் கதை ஆலன் நகரத்தில் எங்கள் வீட்டு கராஜில் பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

முதல் தொடக்கம்: ‘டெக்சஸின் உறைபனியில், புலம்பெயர்ந்த ஒரு வேரின் மௌனம்...’ வேண்டாம். தமிழ்ச் சங்க ஆண்டு மலர்க்குழு உருகி அழுதுவிடும்.

இரண்டாவது: உறைபனி வருகிறதென்று கறிவேப்பிலைத் தொட்டியை கராஜுக்குள் இழுத்து வைத்தோம். அதைக் கன்றாகக் கொடுத்த ஷ்யாமளா அன்று வந்தாள்.

“ஏய் சாரதா, என்னடி, காடு மாதிரி இருக்கு! என்னோடது குச்சியா நிக்குது.”

பத்தாம் நாள் ஓர் இலைகூட மிச்சமில்லை.

“கண்ணு வெச்சுட்டா,” என்றாள் என் மனைவி சாரதா. எட்டு வருட சிநேகிதியை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தாள். பிள்ளைகளை இரு வீட்டாரும் முறைவைத்துப் பள்ளியில் விடும் கார்பூலும் நின்றது.

(புழு கடித்த செடி ஒரு வாசனையை விட்டு அக்கம்பக்கத்துச் செடிகளை உஷார்ப்படுத்துமாம். சாரதாவும் மூன்று குரூப்களில் அதைத்தான் செய்தாள்.)

2.
ஷ்யாமளாவைச் சந்தேகப்படும்படி எழுதப் பார்த்தேன். ‘அவள் சிரிப்பில் ஏதோ ஒரு...’ ஒன்றுமில்லை. சும்மா சிரிப்பாள்.

ஆகவே வேறொருவர்: தோட்டக்குழு அட்மின் சேனாபதி அங்கிள். வந்தார், கண்ணை மூடிச் செடியைத் தொட்டார்.

“ஸ்ட்ரெஸ்ஸு தம்பி. வீட்ல சண்டையா?”

“இல்ல அங்கிள்.”

“அப்ப செடிக்கு வீணை மியூசிக் போடுங்க.”

போகும்போது, தொட்டியை ஒட்டியிருந்த பெட்டியிலிருந்து இரண்டு ஆப்பிள் எடுத்துக்கொண்டார்.

3.
அந்தப் பெட்டியை அங்கே வைத்தது நான். பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடும். செடிக்கு அது ஹார்மோன். மூடிய இடத்தில் அது சேர்ந்தால், செடி தன் இலையைத் தானே கழற்றிவிடும். போன செவ்வாய்க்கிழமை படித்தேன். இன்னும் வாயைத் திறக்கவில்லை. (நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.)

4.
முடிவு அ: சொல்கிறேன், இருவரும் சிரிக்கிறார்கள். சாரதாவைத் தெரியாதவர் எழுதிய முடிவு.

முடிவு ஆ: ஆப்பிளைக் கமுக்கமாக அப்புறப்படுத்துகிறேன். செடி துளிர்க்கிறது. வீணை வைத்தியத்துக்காகச் சேனாபதி அங்கிளுக்குச் சங்கத்தில் பொன்னாடை.

முடிவு இ, இப்போது நடப்பது: வாசலில் ஷ்யாமளா, கையில் புதுக் கன்று.

“வேணாம்னு சொல்லுங்க,” என்கிறாள் சாரதா உள்ளிருந்து. “மறுபடி கண்ணு வெக்கவா?”

“கேக்குதுடி,” என்கிறது கதவுக்கு அந்தப் பக்கம். “இங்கதான் நிக்கறேன்.”

நான் லேப்டாப்பில் மும்முரமாக இருக்கிறேன். சாரதா என் கதைகளைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீங்கள் யாராவது அவளிடம் சொல்லிவிடுங்களேன். சீக்கிரம், ஷ்யாமளா காருக்குத் திரும்பிப் போகிறா—